குஷன்கார அம்மா கணக்கை முடித்த கதை

குஷன்கார அம்மாவிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பழைய சோபாவைக் கொண்டுவந்து போட்டு, "எவ்வளவு ஆகும்?" என்று யார் கேட்டாலும், துணியைப் பிரித்து உள்ளே பார்க்காமல் விலை சொல்ல மாட்டார். "மேல பளபளன்னுதான் இருக்கும், உள்ள ஸ்பிரிங் செத்துப்போயிருக்கும். பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். கேட்டவர் எப்பேர்ப்பட்ட கொம்பனாக இருந்தாலும் அதுதான் பதில். பிரித்த பிறகு வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. தேறாது என்றால் தேறாதுதான். "இதுக்குச் செலவு பண்ணாதீங்க" என்று, கைக்கு வந்த வேலையையே திருப்பி அனுப்பிவிடுவார். பிழைக்கத் தெரியாதவர் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வீட்டு நாற்காலிகளும் அவரிடம்தான் வரும் என்பது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவர் தன் வங்கிக் கணக்கை மட்டும் பல வருஷமாகப் பிரித்தே பார்க்கவில்லை.

அது மாதாமாதம் கட்டணம் பிடிக்கிற கணக்கு, கணவரும் அவரும் சேர்ந்து வைத்திருப்பது. கட்டணத்துக்குப் பதிலாகச் சில சலுகைகள் உண்டு. வண்டி நடுவழியில் நின்றால் உதவிக்கு ஆள் வரும், கைபேசி உடைந்தால் மாற்றித் தருவார்கள், வெளிநாடு போனால் பயணக் காப்பீடு. அந்த நாளில் கடை வேனை ஓட்டிக்கொண்டிருந்த கணவர்தான் ஆசைப்பட்டு ஆரம்பித்தார். பிறகு அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் ஆனது, வேனை விற்றார்கள். இப்போது அவர் கடையில் உட்கார்ந்து சோபாப் பட்டன்களுக்குத் துணி போர்த்தித் தருகிறார்.

கட்டணத்தை உயர்த்தப் போவதாக வங்கியிலிருந்து தகவல் வந்ததும் மகன் பிடித்துக்கொண்டான்.

"வேன் இல்ல. உன் ஃபோனோ செங்கல் மாதிரி, அது விழுந்தா தரைதான் உடையும். எதுக்கும்மா தண்டமா கட்டுறீங்க? சாதாரணக் கணக்கா மாத்திடுங்க."

கணவர் பட்டனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "காப்பீடு இருக்குடா. அக்காவப் பாக்கப் போகணும்."

அந்த அக்கா கடல் தாண்டி இருக்கிறார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், இப்போது நடை தளர்ந்து வீட்டோடு கிடக்கிறார். "எப்படா வர்ற?" என்று தொலைபேசியில் கேட்பார். "காப்பீடெல்லாம் இருக்குக்கா, எப்ப வேணா கிளம்பலாம்" என்பார் தம்பி. ஆபரேஷனுக்குப் பிறகு இந்தப் பேச்சு கூடியதே தவிர ஆள் கிளம்பவில்லை. வழியில் நெஞ்சு ஏதாவது செய்துவிடுமோ என்று பயம். அதை வெளியே சொல்லாமல் மென்று விழுங்குகிற மனிதர். அவருக்கு மிச்சமிருந்த தைரியமே அந்தக் காப்பீடுதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற குஷன்கார அம்மா, அதனால்தான் இந்தக் கட்டணத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

ஆனால் மகன் கிளப்பிவிட்டுப் போனது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் கணவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் வங்கிக்குப் போன் போட்டு, ஆபரேஷன் ஆன கணவருக்கு அந்தக் காப்பீடு செல்லுமா என்று கேட்டார். எடுத்த பெண் பொறுமைசாலி.

"ஆபரேஷன் ஆனத எங்களுக்குச் சொன்னீங்களாம்மா?"

"கணக்கு ஆரம்பிச்சப்பவே உடம்பப் பத்தி எல்லாம் சொல்லிட்டோமே."

"அதுக்கப்புறம் வந்த நோயவும் சொல்லணும்மா. சொல்லலேன்னா அந்த நோய்க்குச் செல்லாது."

"சரி, இப்பச் சொல்றேன். எழுதிக்கம்மா."

அந்தப் பெண் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள், யாரிடமோ விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தாள். "மன்னிச்சுக்கங்கம்மா. அவரோட இதயத்துக்கு இந்தக் கணக்குல காப்பீடு தர முடியாதாம். மத்ததுக்கெல்லாம் உண்டு."

"மத்ததுன்னா?"

"பெட்டி தொலைஞ்சா, விமானம் தாமதமானா..."

"பெட்டி தொலைஞ்சா பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நானாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு கட்டணத்தைக் கட்டிக்கொண்டே இருந்திருப்பேன். எப்படியும் போகப் போவதில்லை, இருக்கிற தைரியத்தையும் ஏன் பிடுங்க வேண்டும் என்று சப்பைக்கட்டு கட்டியிருப்பேன். குஷன்கார அம்மாவுக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. கையிலிருந்த கத்தரிக்கோலை வைப்பதும் எடுப்பதுமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். கணவர் வந்து செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட்டார்.

"ஏங்க, அந்தக் காப்பீடு உங்க நெஞ்சுக்குச் செல்லாதாம். ஆபரேஷன் ஆனத நாம சொல்லாம விட்டுட்டோம். தப்பு ரெண்டு பேரு மேலயும்தான்."

கணவர் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப அக்காவப் பாக்க முடியாதா?"

அம்மா அவரைத் தேற்றிக்கொண்டிருக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வங்கியைக் கூப்பிட்டு, கணக்கைக் கட்டணமில்லாததாக மாற்றச் சொன்னார். பிறகு பாதியில் நின்ற தையலைக்கூடத் தொடாமல், காப்பீட்டு நிறுவனங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஒருவர் வயதைக் கேட்டதுமே வைத்துவிட்டார். இன்னொருவர் சுற்றி வளைத்து மறுத்தார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு முகவர் கிடைத்தார். இதய நோயாளிகளுக்கும் தருவார்களாம், ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும். தொகை கொஞ்சம் அதிகம்தான். அம்மா பேரம் பேசவில்லை. நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி, திரும்பக் கூட்டிவருவது என்று எதெதற்குச் செல்லும் என்பதைக் குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, கணவரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டார்.

"கிளம்புற தேதி சொல்லுங்க" என்றார் முகவர்.

"தேதி இன்னும் முடிவு பண்ணல. எப்ப வேணா..." என்று கணவர் இழுத்தார்.

"தேதி இல்லாம எழுத முடியாதுங்க."

இத்தனை வருஷத்தில் அவரிடம் யாரும் தேதி கேட்டதில்லை. அம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. கணவர் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இல்ல. இந்த மாசக் கடைசி. முப்பதாம் தேதி."

"திரும்பி வர்ற தேதி?"

இத்தனை நாள் கணவர் பயந்ததெல்லாம் இந்த ஒரு கேள்விக்குத்தான். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

குஷன்கார அம்மா கைபேசியின் பக்கம் குனிந்தார்.

"அடுத்த மாசம் பதினெட்டாம் தேதின்னு எழுதிக்குங்க. பத்தொன்பது கடையத் திறக்கணும். இவரு இல்லாம எனக்கு ஓடாது."