கடலுக்குப் பயந்த கிற்றார்

கிற்றாருக்குள் தண்ணீர் ஊற்றிப் பார்த்த மனிதர் உலகத்தில் என் அத்தான் ஒருவராகத்தான் இருப்பார். கிணற்றடியில் இரண்டு கற்களுக்குமேல் அதைப் படுக்கவைத்து, நடுவிலிருந்த வட்டத் துவாரத்துக்குள் செம்பால் வார்த்து நிரப்பிவிட்டு, குந்தியிருந்து அடிப்பக்கத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பிறகு எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டியபடி எங்களைப் பார்த்தார். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளையின் முகம் அது. குசினி வாசலில் அகப்பையோடு நின்ற அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன்.

அத்தான் திருகோணமலைத் துறைமுகத்தில் படகு திருத்தும் பட்டறையில் ஓடாவியாக இருந்தார். அவருடைய தகப்பனும் தகப்பனின் தகப்பனும் திரியாய்ப் பக்கம் வள்ளம் கட்டிய ஓடாவிகள். அக்காவின் தங்கச்சியான நான் அதே துறைமுகத்தின் கந்தோரில் தட்டெழுத்தாளராக வேலை பார்த்துக்கொண்டு அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். வள்ளம் கட்டி முடித்தால் அதைக் கடலில் இறக்குவதற்கு முன்னால் கரையில் வைத்து உள்ளே தண்ணீர் நிரப்பிப் பார்ப்பார்கள். உள்ளே விட்ட தண்ணீர் வெளியே போகாவிட்டால் வெளியே நிற்கும் தண்ணீரும் உள்ளே வராது. அத்தானுக்குக் கைவேலை என்றால் அதுதான் கடைசிச் சோதனை. கிற்றாருக்கும் அதையே செய்தார். அவரைப் பொறுத்தவரை அதில் பகிடி ஒன்றும் இருக்கவில்லை.

அது எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்தது. அதே நேரத்தில் பொப் பாட்டுப் பைத்தியம் ஊரெல்லாம் பிடித்திருந்தது. கலியாண வீடென்றாலும் கோயில் திருவிழாவென்றாலும் மேடையில் ஒரு கிற்றார் வேண்டும். கடையிலோ ஒன்றுகூட இல்லை. அடுத்த வீதிப் பெடியன்கள் கழுத்து முறிந்த ஒரு கிற்றாரைத் தூக்கிக்கொண்டு அத்தானிடம் வந்தார்கள். கழுத்தை ஒட்டிக்கொடுத்த அத்தான், துவாரத்துக்குள் விரலை விட்டு அதன் மேற்பலகையின் கனத்தைத் தடவிப் பார்த்தார். பிஸ்கட் அளவு கனம்கூட இல்லை. அத்தனை கம்பிகளின் இழுவையையும் இவ்வளவு மெல்லிய பலகை எப்படித் தாங்குகிறது என்று இரண்டு நாள் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் பலாப் பலகை வாங்கிவந்துவிட்டார்.

அப்படிச் செய்த முதல் கிற்றார்தான் கிணற்றடியில் தண்ணீர் குடித்தது. பொருத்துகளில் தண்ணீர் புகாமலிருக்கக் குங்கிலியம் காய்ச்சிப் பூசியிருந்தார். உள்ளே வள்ளத்துக்கு வைப்பதைப்போல விலாச்சட்டங்கள் வைத்திருந்தார். காயவைத்துக் கம்பி கட்டி மீட்டினால் யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதைப்போலக் கேட்டது. பெடியன்கள் மரியாதைக்கு ஒரு பாட்டு முயன்றுவிட்டு, “அண்ணை, இதிலை ஏறி மீன்பிடிக்கப் போகலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு யாராவது என்றால் அதை அடுப்பில் வைத்திருப்பார்கள். அத்தான், இதை முறையாகப் படிக்க வேண்டும் என்றார். நாற்பது வயது கடந்த மனிதர் அதைச் சொன்ன விதத்தில் கூச்சமே இல்லை. எனக்கு அவர்மேல் மதிப்பு ஏற்படத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

எங்கே படிப்பது என்பதில்தான் சிக்கல். அந்த நேரம் பட்டறையில் போர்மன் ஓய்வு பெற இருந்தார். கொழும்பில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கு ஓடாவிகளில் ஒருவரைச் சம்பளத்தோடு அனுப்புவதாகவும், சான்றிதழோடு திரும்புகிறவருக்கே போர்மன் வேலையும் குவாட்டர்ஸும் என்றும் கந்தோரில் முடிவாகியிருந்தது. முதல் பெயர் அத்தானுடையது. அதைவிட அதிசயம், அதே நிலையத்தில் இசைக்கருவிகள் செய்யவும் ஒரு பிரிவு இருந்தது. ஒரே ரயிலில் இரண்டு காரியம். அக்கா அன்றைக்கே குவாட்டர்ஸில் எந்த மூலையில் என்ன செடி நடுவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது. நாங்கள் இருந்தது வாடகை வீட்டின் பின்பாதி. முன்பாதியில் வீட்டுக்காரி. கிணற்றில் எத்தனை வாளி அள்ளுகிறோம் என்று ஜன்னலால் பார்த்துக்கொண்டிருப்பார். தனக்கென்று ஒரு வாசல் வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டு வருஷக்கணக்கு.

கொழும்பில் எனக்கும் ஒரு தட்டெழுத்துப் பரீட்சை இருந்ததால் அத்தானோடு நானும் போனேன். அந்த நிலையத்துப் பயிற்சியாளர் நல்ல மனிதர், தமிழும் கதைத்தார். எங்களுக்குத் தேநீர் தந்து, ஒரு பெரிய கண்ணாடி அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசையாகக் கிற்றார்கள், முகம் பார்க்கலாம்போல மினுக்கம். அத்தான் ஒவ்வொன்றாக வாங்கித் தட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார். “ஐயா, பழுதாப்போனது ஒண்டைக் காட்டுங்கோவன்.”

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சம்பூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வள்ளம் சொல்லிக் கட்டுவிக்க வருகிறவர்கள் ஓடாவியிடம் முதலில் கேட்பது, நீங்கள் கட்டியதில் ஒழுகினது எது என்றுதான். இன்னாருக்குக் கட்டியது ஒழுகியது, இந்தக் காரணத்தால் ஒழுகியது, இப்படித் திருத்தினேன் என்று ஓடாவி சொல்ல வேண்டும். என் வள்ளம் ஒன்றும் ஒழுகியதில்லை என்கிறவரிடம் ஒருவரும் முற்பணம் கொடுக்கமாட்டார்கள். கடலில் உயிரைக் கொண்டுபோகிறவர்களுக்குப் பெருமைப் பேச்சு உதவாது. கொழும்புப் பயிற்சியாளருக்கு இது தெரிய நியாயமில்லை. பழுதானவற்றை வைத்திருந்தால் மாணவர்கள் மனம் சோர்ந்துபோவார்கள், அதனால் உடனுக்குடன் அகற்றிவிடுவோம் என்றார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அத்தான் திரும்பும் வழி முழுக்க ரயில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு என்னவோ நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நடந்தது பாலையூற்றில். திருகோணமலை நகரத்தோடு ஒட்டிய இடம். பறங்கிக் குடும்பங்கள் பல அங்கே இருந்தன. ஊரார் நோனா என்று கூப்பிடும் ஒரு பறங்கிப் பெண், தகப்பன் காலமான பிறகு அவருடைய கிற்றார்ப் பட்டறையை நடத்திக்கொண்டிருந்தார். வயது இருபத்தைந்து இருந்தால் அதிகம். கிற்றார் செய்யப் பழக்குவார், சான்றிதழ் கிடையாது, பெயர்ப்பலகைகூடக் கிடையாது. அத்தான் அதே கேள்வியை அங்கேயும் கேட்டார். நோனா சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். ஏழெட்டுக் கிற்றார்கள் ஆணியில் தொங்கின, எல்லாம் பழுதானவை. இது அப்பா செய்தது, ஒட்டிய வச்சிரப் பசை காய முதல் கம்பி கட்டிவிட்டார். இது நான் செய்தது, மேற்பலகையை அளவுக்கு மிஞ்சிச் சீவினேன், ஒரு மாரிக்கே உள்வாங்கிவிட்டது. ஒவ்வொன்றையும் கழற்றி அத்தானின் கையில் கொடுத்து, பிழை எந்த இடத்தில் என்று தடவிப் பார்க்கச் சொன்னார். கடைசியில் அத்தான் கொண்டுபோயிருந்த கிற்றாரை வாங்கி விரல் மடக்கித் தட்டினார். தண்ணீர்ச் சோதனையைப் பற்றி அத்தான் வாய் திறக்கவே இல்லை.

“அண்ணன், இதை நீங்க கடலுக்குப் பயந்து செஞ்சிருக்கிறீங்க” என்றார் நோனா.

அத்தான் கிற்றாரைத் திரும்ப வாங்கித் தானும் விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார். பிறகு, அது உண்மைதான் என்றார்.

கொழும்புக்குப் போகாமல் நோனாவிடம் படிக்கப்போவதாக வீட்டில் அவர் தன் முடிவைச் சொன்னபோது அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோற்றைப் பரிமாறிவிட்டு, கறிச்சட்டியை அத்தானின் பக்கம் தள்ளிவைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு மூன்று நாள் வீட்டில் எனக்கும் கோழிகளுக்கும் மட்டும்தான் கதை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலை மாற்றிக்கொண்டு வந்து, தன்னையும் பாலையூற்றுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். போய்ப் பட்டறை வாசலில் நின்றபடியே நோனாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இவருக்குச் சரிவருமோ?”

“தெரியாது அக்கா. முதல் ரெண்டும் பழுதாகும். அதுக்குப் பிறகுதான் சொல்ல ஏலும்.”

திரும்பி வரும்போது அக்கா என்னிடம், கொழும்பில் எல்லாம் சரிவரும் என்கிறார்கள், இவள் தெரியாது என்கிறாள், இவளிடம்தான் இவர் போவார் என்று சொன்னார். அந்தக் குரலில் கோபம் இருந்தது. ஆனால் தன் மனிதரைத் தெரிந்துவைத்திருக்கிற பெண்ணின் குரல் அது. அத்தானிடம் அவர் போங்கோ என்றும் சொல்லவில்லை, போகாதேங்கோ என்றும் சொல்லவில்லை.

சம்பளமில்லாத விடுமுறைக்கான விண்ணப்பத்தைக் கந்தோரில் நான்தான் தட்டெழுதினேன். ஊர் சிரித்தது. எங்கள் பக்கத்தில் படிப்பென்றால் பெட்டி கட்டி ரயில் ஏற வேண்டும், ஸ்டேஷனுக்கு நாலுபேர் வழியனுப்ப வர வேண்டும். இந்த மனிதரோ சாப்பாட்டுப் பார்சலைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, மகள் வயதுப் பெண்ணிடம் படிக்கப் பாலையூற்றுக்குப் போகிறார். கொழும்புக்கு அவரோடு வேலை செய்த இன்னொரு ஓடாவி போனார். சான்றிதழோடு வந்தார், போர்மன் ஆனார், குவாட்டர்ஸுக்குக் குடிபோனார். பால் காய்ச்சிய அன்று எங்களையும் அழைத்திருந்தார்கள். அக்கா நல்ல சேலை உடுத்திப் போய், எல்லா அறைகளையும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று மனதாரச் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து முகம் கழுவப் போனவர் கிணற்றடியில் கனநேரம் நின்றார். வீட்டுக்காரி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தானின் மூளை படித்துவிட்டது, கை படிக்க மறுத்தது. கனம் குறையக் குறைய அவருடைய சீவுளி தானாக நின்றுவிடும். மூன்று தலைமுறையாக, பலகை மெலிந்தால் ஆள் சாவான் என்று பழகிய கை அது. நோனா தட்டிப் பார்த்து, பலகை இன்னும் வாய் திறக்கவில்லை என்பார். பின்னேரங்களில் அத்தான் துண்டுப் பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதையே சொல்லிச் சொல்லித் தட்டிப் பழகுவார். முதல் பலகை அப்படித் தடிப்பாகவே நின்றது. இரண்டாவதில் வீம்புக்குச் சீவி, நடுவில் வெடிக்கவைத்தார். இரண்டையும் நோனா சொன்னபடியே சுவரில் கொழுவினார்கள். ஆணியை அத்தான் தன் கையாலேயே அடித்தார். துறைமுகத்தில் தன்னிடம் தொழில் பழகிய, அன்று அங்கே பார்க்க வந்திருந்த சின்னப் பெடியன்களுக்கு முன்னால் அவர் அதைச் செய்தார் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. நான் கண்ட ஆண்களில் தன் தோல்வியைத் தானே தூக்கிச் சுவரில் மாட்டியவர் அவர் ஒருவர்தான்.

இப்போது லிங்கநகரில் என் வீட்டுக்குப் பக்கத்துப் பிள்ளைகள் எந்த வகுப்பில் சேரலாம், எந்த நிலையம் நல்லது என்று வந்து கேட்கிறார்கள். பளபளப்பான காகிதங்களில் சிரித்த முகங்களோடு விளம்பரம் கொண்டுவருகிறார்கள். கிற்றார்கூட இன்றைக்குப் பெட்டியில் வைத்துக் கடைக்கு வருகிறது. நல்லதுதான், குறை சொல்ல நான் யார். அவர்களிடம் நான் சொல்வது அத்தானின் கேள்வி ஒன்றைத்தான். போய்ப் பழுதானதைக் காட்டச் சொல்லுங்கள் என்பேன். கிழவிக்கு விசர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

மூன்றாவது பலகை மலைவேம்பு. நோனாவின் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசிச் சீவலைப் பட்டறையில் செய்யக்கூடாது. பலகையை வீட்டுக்குக் கொண்டுபோய், தொழில் தெரிந்தவர் ஒருவரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், இது போதும் என்று தானே முடிவு செய்ய வேண்டும். அடுத்த நாள் அதைக் கிற்றாரின் உடற்பெட்டியோடு ஒட்டி மூடிவிடுவார்கள். பிறகு உள்ளே கைவைக்க ஏலாது. விடுமுறையும் அந்தக் கிழமையோடு முடிகிறது. பின்னேரம் அத்தான் குசினிக்கு வெளியே பலகையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். தட்டுவார், தடவுவார், சீவுளியை எடுப்பார், வைப்பார். கடைசியில் சீவுளியைத் துணியில் சுற்றிக் கட்டிவிட்டு, போதும் என்றார்.

உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்கா, “இல்லை” என்றார்.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். மாதக்கணக்காக அந்த வீட்டில் பலகை தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சமைத்தவர் அவர். ஒருநாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அத்தானுக்கு எதிரில் குந்தினார்.

“இன்னும் வாய் திறக்கேல்லை. கொஞ்சம் சீவுங்கோ.”

“பிழைச்சால்?”

“பிழைச்சால் சுவரிலை கொழுவுவம். குவாட்டர்ஸ் போனதுக்கு நான் செத்தே போனனான்?”

அத்தான் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துணியை அவிழ்த்தார். விளிம்போரமாகச் சீவுளியை வைத்து மெல்ல இழுத்தார். வெங்காயத் தோலைப்போலச் சீவல் எழும்பி விழுந்தது. தட்டினார். அக்கா தலையை ஆட்டினார். இன்னொரு இழுப்பு. இந்த முறை அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே விரல் மடக்கித் தட்டினார். அந்தச் சத்தம் பலகையைவிட்டு எழும்பி, முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனது. வீட்டுக்காரிகூட ஜன்னலுக்கு வந்துவிட்டார். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்த்தது அக்காவின் முகத்தை. எத்தனை அறையுள்ள வீடு கிடைத்திருந்தாலும் அந்த முகம் அவருக்கு வந்திருக்காது.