புறா பறந்தால் ஆள் காலி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சாவு. செத்தவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

பதறாதீர்கள், சொல்கிறேன்.

தயாளன் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் சேல்ஸ்மேன். ஒரு கேங்ஸ்டர் சீரீஸில் தாதாவின் அடியாளாக நடிக்க வாய்ப்பு வந்தது. முதலாளியிடம் லீவு வாங்கிக்கொண்டு தாடி வளர்த்தார். ஷூட்டிங் முடிந்தும் தாடியை எடுக்கவில்லை. இரண்டாவது சீசன் வருகிறதே, அதிலும் தனக்கு வேலை இருக்கும் என்று நம்பிக்கை. கடையிலோ மழமழவென்று ஷேவ் செய்த முகம்தான் வேண்டும். திங்கட்கிழமை தாடி இல்லாமல் வா, இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லியாகிவிட்டது.

அந்த சீரீஸின் டைரக்டரைப் பற்றி இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவரைத் திட்டியே பல வாரம் ஓட்டியிருக்கிறேன். கோட் போட்ட தாதா மழையில் ஸ்லோமோஷனில் நடப்பார். வெட்டுக்குத்துக்குப் பின்னால் ஒரு மெலடி ஓடும். சின்ன அடியாள் ஒருவனுக்குத் திடீரென்று க்ளோசப் வைத்தால் — ஜாக்கிரதை. துப்பாக்கிச் சத்தம் மட்டும் கேட்கும், புறாக்கள் படபடவென்று பறக்கும், ஆள் காலி. உடம்பைக் காட்டவே மாட்டார். செத்தவர்களில் ஒருவன் அடுத்த சீசனில் சாவகாசமாகத் திரும்பி வருவான்... நான் அதிகம் கிண்டல் செய்தது இதைத்தான்.

அன்றைக்கு முதல் சீசனின் கடைசி எபிசோட். தயாளன், அவர் மனைவி சுமதி, நான். திரையில் வாலாஜாபாத் பக்கம் ஒரு ரைஸ் மில். தயாளன் அதன் கதவை நோக்கி நடக்கிறார். மெலடி ஆரம்பித்தது.

"அக்கா, பாருங்களேன்... இவருக்குன்னே தனியா பாட்டு போட்டுக்கினு இருக்காங்க," என்றாள் சுமதி.

அந்தப் பாட்டு எதற்கென்று எப்படிச் சொல்வது? எனக்கு இது எத்தனையாவது தடவையோ, அவளுக்கு முதல் தடவை.

திரையில் தயாளன் திரும்பிச் சிரித்தார். உள்ளே போனார். டுமீல். புறாக்கள்.

பக்கத்திலிருந்த தயாளனின் முறுக்கு வாய்க்குப் போகாமல் நின்றது. "இன்னாக்கா இது? கதவாண்ட திரும்பிச் சிரிச்சிட்டு உள்ள போன்னாங்க. போனேன். கட் சொன்னாங்க. சுடறதா யாரும் சொல்லவே இல்லியே..."

என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "நீங்க அவரு எடுத்ததெல்லாம் பாத்தவங்க. சொல்லுங்க, நான் உயிரோட இருக்கறனா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பதிலில் அவருடைய வேலை இருந்தது. உடம்பைக் காட்டவில்லை, திரும்பி வந்துவிடுவீர்கள் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் இதுவரை திரும்பி வந்தவர்கள் எல்லாரும் போஸ்டரில் முகம் உள்ளவர்கள். இரண்டையும் சொன்னேன்.

"தாடியை எடுத்துடுங்க தயாளன். கூப்பிட்டா மறுபடி வளர்த்துக்கலாம்."

சுமதி முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மனசு கேட்கவில்லை எனக்கு.

பழைய வித்தையையே காட்டுகிறார் என்று எழுதுவது சுலபம். அந்த வித்தைக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு புது ஆள் தேவைப்படுகிறது என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. நாம் கொட்டாவி விடுகிற அரை நிமிஷம், யாரோ ஒருவருடைய மொத்த சினிமா வாழ்க்கை.

புதன்கிழமை, கல்யாணப் புடவை எடுக்க வந்த சொந்தக்காரர்களோடு தயாளனின் கடைக்குப் போனேன். மழமழவென்ற முகம். எங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்தே முதலில் மூன்று புடவைகளை விரித்தார். அப்போதுதானே நாலாவது பளிச்சென்று தெரியும்? தினமும் இதே வித்தைதான். அதைத் திட்டி யாரும் பத்தி எழுதுவதில்லை.

பக்கத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அவர் சிரிப்பையே உற்றுப் பார்த்தாள். "நீங்க அந்த சீரீஸ்ல செத்துப்போனவர்தானே?"

தயாளன் முந்தானையை நீவிக்கொண்டே சொன்னார்: "உடம்பைக் காட்டலியேம்மா."

டைரக்டர் சார், செத்தவன் திரும்பி வருகிற அந்தப் பழைய வித்தையை இன்னும் ஒரே ஒரு தடவை காட்டுங்கள். நான் திட்டமாட்டேன்.