நூம்பல் குட்டையும் நாற்பத்தெட்டு வீடுகளும்

வேலப்பன்சாவடி பக்கம் வீடு பார்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி ஞாயிறன்று நான் போய்வந்ததுதான் நினைவுக்கு வருகிறது. அப்போது ஒரு பில்டரிடம் ஆர்க்கிடெக்டாக இருந்தேன். நூம்பலில் நாற்பத்தெட்டு வீடுகள். நடுவிலிருந்த குட்டையைத் தொடாமல், மேட்டுப் பகுதியில் மூன்று மாடிக் கட்டடங்களாக வரைந்திருந்தேன். முதலாளியும் தலையாட்டியிருந்தார். வாங்க வருகிறவர்களுக்கு அன்று இடத்தைக் காட்ட வேண்டும்.

மேனாம்பேட்டிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஆவடிக்கு ஒரு பஸ், பூந்தமல்லிக்கு ஒன்று, வேலப்பன்சாவடிக்கு இன்னொன்று. பத்து கிலோமீட்டர்கூட இல்லாத ஊருக்கு இரண்டரை மணி நேரம். இதில் மழை வேறு. கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் முப்பது ரூபாய் கேட்டார்.

"இன்னாமா, ரோடே தெர்ல. அங்க இன்னா கீதுன்னு போற?"

"வீடு கட்டப் போறோம்."

"தண்ணிலயா?" என்றவர், இருபத்தைந்துக்கு இறங்கி வந்தார்.

போய்ப் பார்த்தால் குட்டையில் பாதியைக் காணோம். லாரி லாரியாக மண் கொட்டித் தூர்த்திருந்தார்கள். முதலாளி குடையோடு நின்றிருந்தார்.

"இன்னும் பன்னெண்டு வீடு வரும்மா. நேரா ஒரே வரிசையா போட்டுக் குடுத்துடு."

"மேட்டுத் தண்ணி எங்க சார் போகும்?"

"அதுக்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வர்றவங்க கிட்ட இதெல்லாம் பிளான்ல இருக்குன்னு மட்டும் சொல்லு."

இதற்கா மூன்று பஸ் மாறி வந்தேன் என்றிருந்தது.

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து நான்கு குடும்பங்கள் வேனில் வந்து இறங்கின. எல்லாம் தொழிற்சாலைக் குடும்பங்கள். வேலை போனால் போகட்டும் என்று வேனுக்குள் வரைபடத்தை விரித்தேன். "நான் வரைஞ்சது இது. வெளியே நடக்கிறது வேற" என்றேன். வந்தவர்களில் ஒருவர், திருநெல்வேலிக்காரரான புஷ்பம், வரைபடத்தையும் குட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ அந்தத் தண்ணி எங்க வீட்டுக்குள்ளதான் வரும், என்ன?"

"ஆமாங்க."

கணவர் பக்கம் திரும்பி, "ஏங்க, ஏறுங்க. போவோம்" என்றார். மற்ற மூன்று குடும்பங்களும் பின்னாலேயே ஏறிக்கொண்டன. முதலாளி வேனுக்குப் பின்னால் சேற்றில் ஓடினார்.

வாங்க ஆளில்லை என்றானதும் முதலாளியே மண்ணை எடுக்கச் சொல்லிவிட்டார். கொட்டியதை அள்ள ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. நாற்பத்தெட்டே வீடுகள், மேட்டிலேயே எழும்பின. புஷ்பமும் திரும்பி வந்து ஒன்றை வாங்கினார். கிரகப்பிரவேசத்தன்று, குட்டையைக் காப்பாற்றியதே தாம்தான் என்று முதலாளி மைக்கில் பேசினார். நானும் கைதட்டித் தொலைத்தேன்.

அந்தப் பக்கம் இடம் பார்க்கப் போகிறவர்கள் ஐப்பசி மழையில் போங்கள். செருப்பு பாழானாலும் பரவாயில்லை. சித்திரையில் போனால் எல்லா இடமும் மேடாகத்தான் தெரியும்.