சுவரில் தொங்கிய இளங்கோவன்

பெங்களூர் ஸ்ரீராம்புரத்து இளங்கோவனிடம் இதுவரை எத்தனை தடவை செத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் சிரித்துவிடுவார். பண்ணையாராகச் செத்திருக்கிறார். கல்லூரி வாத்தியாராகச் செத்திருக்கிறார். எல்லையில் குண்டு பட்ட கேப்டனாகவும் ஒரு தடவை. எல்லாச் சாவும் கன்னடத்தில்தான். ஆனால் ஒன்றுக்குக்கூட அவர் தரையில் விழுந்ததில்லை, ரத்தம் பூசிக்கொண்டதில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை. கதை தொடங்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்த அப்பா ஒருவர், கூடத்துச் சுவரில் சந்தன மாலையோடும் சிவப்பு பல்போடும் தொங்குவார் பாருங்கள், அந்தப் போட்டோவில் இருப்பவர் நம்ம இளங்கோவன்.

உண்மையில் அவர் செட் வேலைக்காரர். படப்பிடிப்புக்கு எடுத்த வீடுகளில் திரைச்சீலை கட்டுவார், கதவுக்கு வண்ணம் அடிப்பார், ஆணி அடித்துப் படம் மாட்டுவார். 1991இல் ராஜாஜிநகரில் ஒரு வாடகை வீட்டை இப்படித் தயார் செய்துகொண்டிருந்தபோதுதான் அவருடைய கலைப் பயணம் ஆரம்பமாயிற்று. சுவரில் ஆணி அடித்தாயிற்று. மாட்ட வேண்டிய அப்பா போட்டோவை எடுத்து வர மறந்துவிட்டார்கள். புரொடக்‌ஷன் மேனேஜர் கோவிந்தப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்போது ஸ்டூல் மேல் நின்றிருந்த இளங்கோவன் தற்செயலாகத் திரும்ப, கோவிந்தப்பா அவரையே உற்றுப் பார்த்தார்.

"எலங்கோ, ஸ்வல்ப அப்படியே நில்லுப்பா. உன் மூஞ்சில ஒரு களை இருக்குது. செத்துப்போன நல்ல மனுஷன் களை."

இதற்கு நன்றி சொல்வதா, கோபப்படுவதா என்று இளங்கோவன் யோசித்து முடிப்பதற்குள் கோவிந்தப்பா அவரை ஸ்கூட்டரில் உட்கார வைத்துப் பக்கத்துத் தெரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய்விட்டார். மேலே கதாநாயகனின் கோட்டு, கீழே லுங்கி. மார்பு வரைக்கும்தானே போட்டோ. மதியத்துக்குள் படம் கழுவி, சட்டம் போட்டு வந்தது. தான் அடித்த ஆணியில் தன்னையே மாட்டிவிட்டு இளங்கோவன் சாப்பிடப் போனார்.

அந்தப் படம் ஓடியதா என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. போட்டோ மட்டும் நன்றாக ஓடியது. ஒரு கம்பெனி பார்த்து இன்னொரு கம்பெனி கேட்டது. தூர்தர்ஷன் தொடர்கள் வந்தன, பிறகு தனியார் சேனல்கள் வந்தன, குடும்பத் தொடர்கள் பெருகின. குடும்பத் தொடர் என்றால் ஒரு விதவைத் தாய் இருக்க வேண்டும், விதவைத் தாய் இருந்தால் இளங்கோவன் இருக்க வேண்டும். தொப்பி மாறும், கண்ணாடி மாறும், தலைப்பாகை வரும் போகும், முகம் அதேதான். அந்த வேலையில் அவருக்கென்று ஒரு சித்தாந்தமே உருவாகிவிட்டது. பல் தெரியச் சிரித்தால் செத்ததில் சந்தோஷம் என்று ஆகிவிடும். முறைத்தால் உயில் எழுதாமல் போனவன் மாதிரி இருக்கும். மோவாயைச் சற்றே தூக்கி, மூச்சை அடக்கி, இமைக்காமல், எதிரில் நிற்பவர் எந்தக் குறையைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிற முகத்தோடு உட்கார வேண்டும். இதை அவர் டீக்கடையில் விளக்கிச் சொல்லும்போது, எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு வழியில்லாமல் தலையாட்டுவார்கள்.

அவருடைய மனைவி முத்தம்மா மட்டும் தலையாட்டவில்லை. அவள் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலர் தைப்பவள், கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். வீட்டுக்காரர் டிவியில் வருகிறார் என்று முதல் தடவை தெருவையே கூட்டி உட்கார வைத்திருந்தாள். வந்தார். மாலையோடு வந்தார். யாரோ ஒரு பெண் அவர் முன்னால் நின்று நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு கதறினாள். முத்தம்மா எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

"தாலி கட்டிக்கினவ நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்துனு கீறேன், எவளோ ஒருத்தி உங்களுக்காகப் பொட்ட அழிக்கிறா. இத நான் வேற பாக்கணுமா?"

"அது நடிப்பு, முத்தம்மா."

"சாவு சீன் நடிச்சா பூசணிக்கா சுத்தி ஒடைக்கிறாங்க இல்ல? ஒங்களுக்கு யாராச்சும் ஒரு எலுமிச்சம்பழமாச்சும் சுத்தினாங்களா? இன்னா ஆனாலும் சரி, நீங்க அந்த டிவில நடந்து வந்து, வாயத் தொறந்து பேசுற அன்னிக்கிக் கூப்டுங்க, வரேன். அதுவரைக்கும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்."

சொன்னதைச் செய்கிறவள். வெள்ளிக்கிழமைதோறும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள், ஆனால் அவர் வருகிற எதையும் பார்க்க மாட்டாள். கம்பெனியில் மற்றப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் டிவி தொடர் கதை பேச ஆரம்பித்தால் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள். ஊரே பார்த்தும் இளங்கோவனுக்கு என்ன பிரயோஜனம்? அவள் பார்க்கவில்லையே என்பதுதான் அவருக்கு உறுத்தல். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வசனம், அதை அவள் பார்த்துவிட்டால் போதும் என்று ஏங்கினார். போகிற கம்பெனியிலெல்லாம் கேட்டார். "நீ பேசினா யார் நம்புவாங்கப்பா, உன்னைப் பாத்தாலே செத்த ஆள்னு தெரியுதே" என்று சிரித்து அனுப்பினார்கள்.

1999இல் பசவேஸ்வரநகர் வீடு ஒன்றில் ஒரு தினசரித் தொடர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீணா என்கிற நடிகை அதில் தாய். இரண்டு வருஷமாகத் தினமும் ஒரு காட்சியாவது புருஷன் போட்டோ முன்னால் நின்று பேசுவாள். மகள் கல்யாணம், மைத்துனனின் துரோகம், கேஸ் சிலிண்டர் தீர்ந்தது வரை எல்லாவற்றையும் இளங்கோவனிடம்தான் கொட்டுவாள். பார்க்கிறவர்கள் எண்ணிக்கை குறையவே, டைரக்டர் ரங்கநாத் ஒரு முடிவுக்கு வந்தார். ஃபிளாஷ்பேக். புருஷன் எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று காட்டப்போகிறோம்.

இளங்கோவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று மாலையே முத்தம்மாவிடம் சொல்லிவிட்டார். அவள் நம்பாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, மறுநாள் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டாள்.

படப்பிடிப்பு நாள் காலையில், அந்தத் தொடருக்கும் மேனேஜராக இருந்த கோவிந்தப்பா அவரைத் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துப் போனார். ஃபிளாஷ்பேக்கில் நடிக்க ஒரு பெரிய சினிமா நடிகரைப் பேசியாயிற்று. மத்தியானம் வருகிறார். அதனால் இன்றிலிருந்தே சுவரில் அவர் போட்டோதான்.

"பேஜார் பண்ணிக்காத எலங்கோ. சேனல்ல கேக்கிறாங்க, நான் என்ன மாடுறது, என்ன செய்றது? அந்தப் பழைய போட்டோவ எறக்கிட்டு இத மாட்டிடு."

யாரை இறக்கச் சொல்கிறோம் என்று கோவிந்தப்பாவுக்கும் தெரியும், அதனால்தான் சொல்லிவிட்டு வேறு எங்கோ பார்த்தார். இளங்கோவன் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மாலையைக் கழற்றினார். சட்டத்தின் மேல் இருந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்துத் தன்னை இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். புது ஆளை மாட்டினார். நல்ல பளபளப்பான முகம், பல் தெரியச் சிரிப்பு. இறங்கி நேராகப் பார்த்து, கோணலாக இருப்பதைக் கண்டு மறுபடி ஏறிச் சரி செய்தார். மனசு நொந்துபோனாலும் வேலையில் கோணல் விட அவருக்கு வராது. வீட்டுக்குப் போய் முத்தம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அப்போது அவருக்கிருந்த ஒரே கவலை.

வீணா வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். கேமரா ஓடியது. கண்ணைத் தூக்கிப் போட்டோவைப் பார்த்தாள்.

"யாரு இவரு?" என்றாள்.

ரங்கநாத் விஷயத்தைச் சொன்னார். சரி என்று மறுபடி நின்றாள். 'என்னங்க' என்று ஆரம்பித்தாள், சிரிப்பு வந்துவிட்டது. இன்னொரு டேக். கிளிசரின் போட்டார்கள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, வாயில் சிரிப்பு.

"சார், ரெண்டு வருஷமா அவர்கிட்டதான் எல்லாத்தையும் சொல்லி அழுதிருக்கேன். காலையில வந்து பாத்தா வேற புருஷன மாட்டி வெச்சிருக்கீங்க. இந்தாளப் பாத்தா எனக்கு அழுகையே வரல, பல்பொடி விளம்பரம் மாதிரி இருக்கார்."

டைரக்டருக்கு வியர்த்தது. அன்று எடுப்பது மறுநாள் மாலை ஓடியாக வேண்டும், கையிருப்பில் ஒரு எபிசோடுகூடக் கிடையாது. போட்டோவை நோக்கிக் கேமரா நெருங்க, அங்கிருந்தே ஃபிளாஷ்பேக் ஆரம்பிப்பதாகத்தான் எழுதியிருந்தது. வீணா அழாமல் கேமரா நகராது, இளங்கோவன் இல்லாமல் வீணா அழ மாட்டாள். "சரி, பழையவரையே மாட்டுங்க" என்று கத்தினார். மாட்டினார்கள். வீணா ஒரே டேக்கில் தேம்பித் தேம்பி அழுதாள். கேமராவில் அந்த முகம் பதிந்துவிட்டது, இனி அதிலிருந்து கிளம்பும் ஃபிளாஷ்பேக்கில் வேறு முகம் வர முடியாது. சினிமா நடிகருக்குப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல கோவிந்தப்பா ஓடினார்.

இளங்கோவனுக்கு வேட்டி கட்டி, மேக்கப் போட்டு நிறுத்தினார்கள். காட்சி சின்னது. புருஷன் வெளியே கிளம்புகிறான், மனைவியைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா? நீனு மொதலு ஊட்டா மாடு" என்கிறான். சாப்பிட்டாயா, முதலில் நீ சாப்பிடு. பெங்களூரில் எதிரில் வருகிறவர்களெல்லாம் கேட்கிற கேள்விதான். போனவன் திரும்புவதில்லை.

ஆக்‌ஷன் என்றார் ரங்கநாத். இளங்கோவன் மோவாயைச் சற்றே தூக்கினார். மூச்சை அடக்கினார். இமைக்கவில்லை. அப்படியே நின்றார். செட்டே காத்திருந்தது. எட்டு வருஷப் பழக்கம், கேமரா தன் பக்கம் திரும்பினால் செத்துப்போவதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கட். மூச்சு விடுங்க சார், நீங்க இன்னும் சாகல."

அடுத்த டேக்கும் அப்படியே. அதற்கடுத்ததில் இமைத்தார், ஆனால் வாய் திறக்கவில்லை. லைட்மேன்கள் திரும்பி நின்று குலுங்கினார்கள். ரங்கநாத் வசனத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்க, இளங்கோவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போன் பேசிவிட்டுத் திரும்பிய கோவிந்தப்பாதான் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், அவன் கைல சுத்தியலக் குடுங்க. சும்னே நிக்கச் சொன்னா அவன் போட்டோ ஆயிடுவான்."

காலண்டர் மாட்டிவிட்டுக் கிளம்பும் புருஷன் என்று காட்சியை மாற்றினார்கள். சுத்தியல் கைக்கு வந்ததும் இளங்கோவனுக்கு உயிர் வந்தது. உதட்டில் இரண்டு ஆணியைக் கவ்விக்கொண்டு, ஒன்றைச் சுவரில் அடித்து, காலண்டரை மாட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாயிலிருந்த ஆணியை எடுத்துக்கொண்டே திரும்பி, ஏதோ அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல, "ஊட்டா ஆய்த்தா?" என்றார். அந்தக் கேள்வியை அவ்வளவு வாஞ்சையாக ஒருவர் கேட்டு அந்த செட்டில் யாரும் பார்த்ததில்லை. வீணா பதில் வசனத்தை மறந்து, "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். ரங்கநாத் அதையே வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இளங்கோவனுக்குச் சின்னச் சின்ன வேஷங்கள் வந்தன. பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு மாமா, நியாயம் சொல்ல வந்து திட்டு வாங்கிக்கொண்டு போகும் பெரியவர். எல்லாருக்கும் கையில் ஏதாவது ஒரு வேலை இருக்கும், அது அவர் வைக்கிற ஒரே நிபந்தனை. ஆனால் அதெல்லாம் பின்னால் வந்த சங்கதி. அவருக்கு முக்கியம் மறுநாள் மாலைதான்.

முத்தம்மா கம்பெனியிலிருந்து நேராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். கூடவே தைக்கிற பெண்கள் நாலு பேர், தெருவில் பாதி. இளங்கோவன் சுவிட்சுப் பக்கத்தில் நின்றுகொண்டார். ஃபிளாஷ்பேக் முடிந்ததும் மறுபடி மாலை போட்ட போட்டோ வரும், அதற்குள் அணைத்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம்.

திரையில் இளங்கோவன் நடந்து வந்தார். ஆணி அடித்தார். திரும்பினார். கேட்டார். கார்மெண்ட்ஸ் பெண்கள் கை தட்டினார்கள். முத்தம்மா தட்டவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோ வரப் போகிறது என்று அவர் சுவிட்சில் கை வைத்தார்.

"இருக்கட்டும் வுடுங்க," என்றாள் அவள். "பேசினீங்க இல்ல, போதும்."

போட்டோ வந்தது, மாலை வந்தது, வீணா அழுதாள். முத்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். விளம்பரம் வந்த பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நல்லாத்தான் கேட்டீங்க. அவள அவ்ளோ ஆசையாக் கேட்டீங்களே, கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து என்னிய ஒரு நாளாச்சும் சாப்ட்டியான்னு கேட்டிருக்கீங்களா?"

சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இளங்கோவன் யோசித்துப் பார்த்தார். வேலை முடிந்து வருவார், உட்காருவார், தட்டு வரும், சாப்பிடுவார், படுப்பார். ஊரெல்லாம் வரிசையாக வந்து குறை சொல்லக் கேட்டுக்கொண்டு சுவரில் தொங்கிய மனுஷனுக்கு, இருபத்து மூன்று வருஷத்தில் அந்த ஒரு கேள்வி வாயில் வந்ததாக நினைவே இல்லை. வெட்கமாகப் போய்விட்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் கேட்டார்.

"சாப்ட்டியா, முத்தம்மா?"

"எங்க சாப்டறது? ட்யூட்டி முடிஞ்சி நேரா இதுக்குத்தான வந்து குந்தினேன்."

இளங்கோவன் அடுப்படிக்குப் போனார். எந்தத் தட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முத்தம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் தேடித் தேடி எடுத்து, சோற்றைப் போட்டு, குழம்பைச் சுற்றிலும் சிந்திக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அவள் முதல் கவளத்தை வாயில் வைக்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.