பட்டாணியின் தொடை எலும்பு

முதல் எலும்பு முறிந்தபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். உருண்டையாக இருந்ததால் எல்லாருக்கும் அவள் பட்டாணி. வாசற்படி வரை போய்விட்டவளை அப்பா அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம்தான் அழுகை.

அப்பா சலூன் வைத்திருந்தார். கத்தரிக்கோல் சத்தத்துக்கு வீறிடும் குழந்தைகூட அவர் கை தலையில் பட்டால் அடங்கிவிடும் என்பார்கள். ஆஸ்பத்திரியில் அதெல்லாம் எடுபடவில்லை. முறிந்த கையைப் பார்த்த டாக்டர் அவரைத்தான் கேட்டார்.

"நிஜத்தைச் சொல்லுங்க. கோவத்துல கையை முறுக்கினீங்களா?"

மனைவியின் அண்ணன், அவருடைய மச்சான், முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு குழந்தையை அவர் மடியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகவே மாட்டாள். இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்தாள். சலூன்காரர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இருந்தார்.

சில மாதம் கழித்து, துணி மாற்றுவதற்காக அவளே குழந்தையின் காலைப் பிடித்து உயர்த்தினாள். கால் முறிந்தது. போகும் வழியெல்லாம் இருவரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்தத் தடவை ஒரு டாக்டரம்மா, காலைப் பார்ப்பதற்கு முன் கண்ணைப் பார்த்தார். வெள்ளை விழியில் நீலம் ஓடியிருந்தது. வருகிறவர் போகிறவரெல்லாம் கொஞ்சிய கண். "யார் மேலயும் தப்பில்லை. பிறக்கும்போதே வந்தது. எலும்பு எளிதா நொறுங்குற நோய்" என்றார். மனைவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சலூன்காரருக்கோ நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. இறங்கியதே என்று பின்னால் வெட்கப்பட்டார்.

"சுண்ணாம்புச்சத்து கம்மியா டாக்டர்? பால், முட்டைன்னு குடுத்தா தேறிடுவாளா?"

"அது கம்மி இல்லைங்க. எலும்புக்குள்ள கொலாஜன்னு ஒரு புரதம் இருக்கு. முறுக்கின நூல் மாதிரி இழை இழையா ஓடும். அது மேலதான் சுண்ணாம்புச்சத்து பொடிப்பொடியா படியும். சுண்ணாம்பு கெட்டியாக்கும். நூல் லேசா வளைஞ்சு குடுத்துத் தாங்கும். இவளுக்கு நூலே கோணலா முறுக்கிக்குது. அது மேல சுண்ணாம்பு ரொம்ப நெருக்கமா அடைஞ்சிடுது. எலும்பும் மெலிசு. அதான் வளையத் தெரியாம, சாக்பீஸ் மாதிரி பட்டுனு போயிடுது."

"நூலைச் சரி பண்ண மருந்து?"

"இன்னைக்கு இல்லை. எலும்பு கரையறதைக் குறைக்க ஒரு மருந்து ஏத்தலாம். எலும்பு கொஞ்சம் தடிக்கும். ஆனா நூல் அதே நூல்தான்."

கடைசியில் சொன்னதை வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை. வருஷக்கணக்கில் மருந்து ஏற ஏற, ஸ்கேனில் எலும்பின் அடர்த்தியும் ஏறியது. "எலும்பு கெட்டியாயிடுச்சாம்" என்று மனைவி அண்ணனுக்கு போன் போட்டாள். மச்சான் மறுபடி வந்து போக ஆரம்பித்தார். கடைசியாக ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் உடையவில்லை.

பட்டாணிக்கு ஏழு வயதாகியிருந்தது. முறிவுக்குப் பயந்து யாரும் நிற்க விடாததால் வீல்சேர்தான். சாயங்காலங்களில் வீல்சேரை சலூன் மூலையில் போட்டுக்கொண்டு வருகிறவர்களை வம்புக்கு இழுப்பாள். வழுக்கைத் தலை உள்ளே வந்தால் போதும். "அப்பா, மாமாவுக்கு முடியை முதல்ல தேடணுமே."

அன்று கடையில் ஆள் இல்லை.

"அப்பா, நான் நின்னா கண்ணாடியில எப்படி இருப்பேன்னு பாக்கணும். ஒரே ஒரு தடவை."

அவருக்கு ஸ்கேன்தான் நினைவுக்கு வந்தது. இரண்டு பக்கமும் தாங்கி நிற்க வைத்தார். பட்டாணி நின்றாள். கண்ணாடியில் தன்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பார்த்துவிட்டு, சிரித்த முகமாக அப்பா பக்கம் திரும்பினாள். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. விழக்கூட இல்லை. அவர் கைக்குள்தான் இருந்தாள். தொடை எலும்பு போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் புதிதாக வந்த நர்ஸ், "எப்படிம்மா ஆச்சு?" என்று குனிந்தாள். வலியில் வேர்த்துக்கொண்டிருந்த பிள்ளை, "அப்பா அடிக்கலை" என்றாள். கேட்டது அதுவல்ல. சலூன்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நல்லா ஏறிடுச்சுன்னு காட்டுச்சே டாக்டர்."

"ஸ்கேன் பொய் சொல்லலைங்க. சுண்ணாம்பு எவ்வளவு இருக்குன்னுதான் அதுக்குத் தெரியும். நூல் எப்படி இருக்குன்னு தெரியாது."

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். இனிமேல் உடையாதா என்று மனைவி கேட்டாள். உடையலாம், உடைந்தாலும் கோணாமல் பிடித்துக்கொள்ளும் என்றார் டாக்டரம்மா.

வீட்டில் அவரை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. "நானா இருந்தாலும் நிக்க வெச்சிருப்பேன்" என்றாள் மனைவி. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

கட்டுப் பிரித்த பிறகு பட்டாணி சலூனுக்கு வந்தாள். மறுபடி நிற்கக் கேட்பாள், என்ன பதில் சொல்வது என்று வழிநெடுக யோசித்துக்கொண்டே வந்தார். அவள் கேட்கவில்லை. வீல்சேர் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றது.

"என்னைத் தெருப் பக்கமா திருப்பி வைங்கப்பா" என்றாள்.

திருப்பி வைத்தார்.