சிவக்காத இடம்

சீடம் வளர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது என் வாய் அகலத் திறந்திருந்தது. ஈப்போவில் ஒரு பல் கிளினிக். டாக்டர் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். எனக்கு வயது பத்து. அழக்கூடாது என்று சன்னலையே வெறித்துக்கொண்டிருந்தேன். வெளியே சிமெண்டுக் கூரையின் விளிம்பில், அரிசி பருமன் இலைகளோடு ஏதோ ஒரு செடி சிவப்பும் மஞ்சளுமாகக் கம்பளம் விரித்திருந்தது. மண் இருந்ததாகவே தெரியவில்லை. எழுந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி பல்லைப் பற்றியது அல்ல.

“அதுவா, சீடம்,” என்றார் அங்கிருந்த தாதி. “தண்ணியே ஊத்துறதில்ல பாப்பா. பட்டினி போட்டாதான் செவக்கும். தண்ணி கெடைச்சா சும்மா பச்சையா நிக்கும்.”

சன்னல் வழியே கை நீட்டி ஒரு கொத்தைக் கிள்ளிப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார். பாதி மரத்த வாயால் நன்றி சொன்னேன்.

எங்கள் வீடு சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கட்டிய குடியிருப்பில் இருந்தது. வரிசையின் கடைசி வீடு. அதனால் பக்கவாட்டில் நீளமாக ஒரு துண்டு நிலம் கூடுதலாகக் கிடைத்திருந்தது. வாடகை வீடுகளில் ஏழு முறை பெட்டி கட்டிய அம்மா, இனிமேல் ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று, மாட்ட எதுவும் இல்லாத சுவர்களில்கூட ஆணி அடித்து வைத்திருந்தார். அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் புல் பிடிக்கவே இல்லை. இயந்திரம் வைத்து இறுக்கிய செம்மண். மண்வெட்டி பட்டால் ணங்கென்று சத்தம் வரும்.

சீடத்துக்கு அது போதும். எங்கள் ஊர் மழையில் அழுகாமல் இருக்கப் பழைய ஈயச் சுரங்க மணலையும் சுண்ணாம்புக் கல் துகளையும் கலந்து மேலே விரல் தடிமனுக்குப் பரப்பினேன். கொத்தைத் துண்டு துண்டாக ஒடித்துத் தூவினேன். ஒவ்வொரு துண்டும் தனியாக வேர் விட்டது. ஒரு வருடத்தில் நிலம் முழுக்கப் பச்சைக் கம்பளம். இனி மழை நிற்க வேண்டும், அவ்வளவுதான். கிளினிக்கில் கண்ட சிவப்புக்காக நான் வறட்சியை வேண்டிக்கொண்டேன். நாட்டில் அப்படி வேண்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

வறட்சி வந்தது. குழாயில் தண்ணீர் நூலாக இறங்கியது, மலைகள் புகைமூட்டத்துக்குள் போயின, என் சீடம் விளிம்பிலிருந்து சிவக்கத் தொடங்கியது. நடுவில் ஓரிடம் மட்டும் பச்சையாகவே நின்றது. ஒழுங்கில்லாத திட்டாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அது அடிக்கோல் வைத்துக் கீறியதுபோல் நேரான நான்கு ஓரங்களோடு இருந்தது. அங்கே கால் வைத்தால் சில்லென்று இருக்கும். கொளுத்தும் பகலில் பக்கத்து வீட்டுப் பூனை அதன்மேல்தான் படுக்கும், எப்போதும் நீட்டுவாக்கில்.

அளந்து பார்க்கப் பள்ளி அடிக்கோல் போதவில்லை. ஆகவே நானே பக்கத்தில் நீட்டிப் படுத்தேன். என் உயரத்துக்கு மேல் இன்னும் இரண்டு அடிக்கோல் நீளம். அகலம், ஒரு பெரிய ஆள் கைகளை ஒடுக்கிக்கொண்டு படுத்தால் சரியாக இருக்கும். இதைச் சொல்ல எழுந்தபோது சமையலறைச் சன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. வெளியே வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், வாளியில் சேமித்திருந்த தண்ணீர் முழுவதையும் என் தலையில் ஊற்றினார்.

அன்று அம்மா அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. “அது நான் நெனைக்கிறதா இருந்தா, இந்த வீட்டுல நான் இருக்கமாட்டேன். இன்னொரு பொட்டி கட்டிடுறேன்.”

மறுநாள் முதல் எல்லாரும் அந்த இடத்தைச் சுற்றி நடந்தோம். அப்படிச் செய்யச் சொன்னது யாருமில்லை. மீட்டர் பார்க்க வந்த ஆள்கூடச் சுற்றித்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பெரியப்பாவை வரவழைத்தார். அவர் இங்கே முன்பு இருந்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பார். கம்பளத்தின் ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“இதுக்கா இவ்ளோ கலவரம்? மழைத்தண்ணி நிக்க நெரைக்கு நெரை குழி வெட்டுவோம்லா, அதான் இது. பத்தடிக்கு ஒண்ணு வரிசையா இருக்கும். மூடின குழியில மண்ணு லூசா கெடக்கும், ஈரம் தங்கும். ” என் பக்கம் திரும்பினார். “என்னா டாக்டரம்மா, நீங்க படிச்ச படிப்புக்கு இது தெரியல?”

அம்மா முகத்தில் ரத்தம் திரும்பியது. அன்று பெரியப்பாவுக்கு இரண்டு முட்டை வைத்தார்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. பத்தடிக்கு ஒன்று என்றால் என் சீடம் பூமிக்கு அடியில் இருக்கும் வரைபடத்தையே காட்டப்போகிறது. நூல் கட்டி அளந்தேன். பச்சையின் இரு பக்கமும் பத்தடி தள்ளிப் பார்த்தால் சிவப்புதான். ஒருவேளை பெரியப்பாவின் அடி பெரிய அடியோ என்று பன்னிரண்டு, பதினைந்து வரை போனேன். பின்சந்து வரைக்கும் புதிதாகத் தூவி மூன்று வாரம் காத்திருந்தேன். எங்கும் சிவப்பு. நோட்டில் கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி, அடுத்த முறை பெரியப்பா சாப்பிட உட்கார்ந்ததும் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தேன்.

“பெரியப்பா, குழி வரிசையா இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.”

சோற்றைப் பிசைந்த விரல்கள் நின்றன. அம்மா ரசக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பாராட்டு வரும் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

“மத்ததெல்லாம் தூந்து போயிருக்கும்லா,” என்றார் பெரியப்பா. இந்த முறை சிரிக்கவில்லை.

அந்த வாரமே அப்பா சிமெண்டு போட ஆள் பிடித்தார். கார் நிறுத்த இடம் வேண்டுமாம். எங்களிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். என் கம்பளத்தின்மேல் கம்பி வலை விரித்தார்கள். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். கலவையைக் கொட்டும் முன் பெரியப்பா வந்தார். செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு அந்தப் பச்சையின் ஓரத்தில் நின்றார். மண் சூடு பார்க்கிறார் என்று நினைத்தேன். வேலைக்கு வந்த பங்களாதேஷ்காரர் வாளியோடு குறுக்கே நடந்தபோது, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதும் மறந்து, பெரியப்பா மெதுவாகச் சொன்னார்:

“அங்க கால் வைக்காதப்பா. அது தலைமாடு.”

குழிக்கு எப்படித் தலைமாடு வரும் என்று யோசித்தேன். தோட்டத்துப் பேச்சு வழக்காக இருக்கும் என்று முடிவு செய்து நோட்டில் அதையும் எழுதிக்கொண்டேன்.

பதினோரு வருடம் ஆகிவிட்டது. இப்போது நான் பல்கலைக்கழகத்தில் மண்ணைத்தான் படிக்கிறேன். அம்மா அதே வீட்டில் இருக்கிறார். ஆணிகளில் எல்லாம் படங்கள் வந்துவிட்டன. போன விடுமுறைக்கு வந்தபோது சிமெண்டில் நேரான நான்கு விரிசல்கள். நடுப்பகுதி கட்டை விரல் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. விரிசல்களில் வரிசையாகச் சீடம். எந்தத் துண்டு எப்படித் தப்பியதோ. நான் பழைய நோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றார்.

“மூடி வச்சுப் பாத்தாச்சு,” என்றார். “ஒடைச்சிடு. அது பச்சையாவே இருந்துட்டுப் போவட்டும். ஆனா யாருன்னு தெரியணும். பேரு தெரியாம எப்படி வெளக்கு வைக்கிறது?”

நாளை காலை சிமெண்டை உடைக்க ஆள் வருகிறார். ஆறு தட்டு நாற்று வளர்த்து வைத்திருக்கிறேன். சிவப்பெல்லாம் சுற்றிலும், வெள்ளைப் பூ விடும் பச்சை ரகம் நடுவிலும். ஆனால் ஒரு துண்டைக்கூடத் தூவும் முன்பு, அன்றைக்குக் கேட்காத கேள்வியைப் பெரியப்பாவிடம் கேட்கப்போகிறேன். கூப்பிட்டதற்கு வாரேன் என்றார். இப்போது அவரால் அதிக நேரம் நிற்க முடியாது. அவருக்கு நாற்காலியை இப்போதே எடுத்துப் போட்டுவிட்டேன், கால்மாட்டில்.