குமட்டல் அடங்கிய தோட்டம்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு திருச்சியில் தோல் மண்டிக்குப் பின்சந்தில் இருந்தது. உப்புத் தடவிய ஆட்டுத்தோல்களை மண்டியில் அடுக்கடுக்காகக் குவித்து வைத்திருப்பார்கள். மழை பெய்தால் அந்த உப்புத் தண்ணீர் கொழுப்பும் மயிருமாக எங்கள் வாசல் சாக்கடையில் வழிந்து வரும். என் வீட்டுக்காரர் அங்கேதான் தோல் தரம் பிரித்தார். எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் அவர் நகக்கண்ணிலிருந்து அந்த வாடை போகாது. முதல் வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

தலைப்பிள்ளை உண்டானதும் என்னால் முடியவில்லை. வாடை மூக்கோடு நிற்காமல் நாக்கில் ஒட்டியது. சோற்றில் தோல், தண்ணீர்ச் செம்பில் தோல். என் வீட்டுக்காரரின் அம்மாவான மாமி ஆசையாகத்தான் ஆட்டுக்கால் சாறு காய்ச்சுவார். மேலே மிதக்கும் கொழுப்பைப் பார்த்ததுமே கொல்லைப்பக்கம் ஓடுவேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். அவர் முகம் வாடுவது தெரியும். ஆனாலும் கையை எடுக்க முடியாது. என்னைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. எந்நேரமும் புளித்த வாய், எச்சில் துடைத்தே விறைத்துப்போன சேலை.

"நாங்கள்லாம் புள்ள பெக்கலையா? இதே சந்துலதானே பெத்தோம்!" என்று சொல்லிக்கொண்டே மாமி, நான் கழுவிய இடத்தையே மறுபடியும் கழுவுவார்.

நெற்றியைத் தரையில் வைக்க, சஜ்தாவுக்குக் குனிந்தால் குடல் மேலே வரும். அதனால் தொழுகையும் தவறிக்கொண்டே போயிற்று.

புத்தூரில் லேடி டாக்டர் ஒருவர், காற்றோட்டமான இடத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குப் பழக்கமான பூக்காரர் ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரையோரம் மல்லிகைத் தோட்டம் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஜட்கா பிடித்துப் போனோம். வண்டிக்குள் குதிரைச் சாணம், வண்டிக்காரரின் பீடி. காவிரிப் பாலத்தில் எதிரே மீன்கூடை. மேலே போர்த்தியிருந்த துப்பட்டியை வாயில் அடைத்துக்கொண்டு, தோட்டம் வந்தால் சரியாகிவிடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தேன்.

சரியாகவில்லை. பூக்காரரின் மனைவி, "கோயிலுக்குப் போற பூவும்மா, பாருங்க" என்று ஒரு கூடை மல்லிகையை முகத்துக்கு நேரே நீட்டினார். அந்த வாசனை தொண்டைக்குள் விரலை விட்டதுபோல் இருந்தது. கூடையைத் தள்ளிவிட்டு அங்கேயே, மல்லிகைப் பாத்தியிலேயே, வாந்தி எடுத்தேன்.

என் வீட்டுக்காரர் கைகளைக் கூப்பிவிட்டார். "மன்னிச்சுக்குங்க, உடம்பு முடியாதவ..."

அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. மண்வெட்டியை எடுத்து மண்ணைத் தள்ளி மூடினார். "எதுக்குங்க மன்னிப்பு? புள்ளத்தாச்சி வாந்தி எடுக்காம வேற யாரு எடுப்பா? இதைவிட மோசமானதையெல்லாம் எருன்னு நாங்களே கொட்டுறோம்!"

என் கையைப் பிடித்து வாய்க்கால் ஓரம் அழைத்துப் போனார். அவர் கையிலிருந்த எரு என் மணிக்கட்டில் ஒட்டியது. உதறவேண்டும் போலிருந்தது; உதறவில்லை. முகம் கழுவி, வாய் கொப்பளித்து, கால்களைத் தண்ணீரில் விட்டேன். பயந்து பயந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஈர மண், வாழைச்சருகு. வேறெதுவும் இல்லை. மறுபடி இழுத்தேன். அப்போதும் இல்லை.

அந்த அம்மாள் ஒரு கொய்யாவைப் பறித்துத் தந்தார். கடித்தேன். கொய்யா கொய்யாவாகவே இருந்தது. விதையோடு தின்றுவிட்டு இன்னொன்று கேட்டேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது, தின்பதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். என் வீட்டுக்காரர் வெகுதூரம் தள்ளி, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"அங்க ஏன் நிக்கிறீங்க?"

"காத்து உன் பக்கமிருந்து இப்படி வீசுது புள்ள. இங்க நின்னா என் வாடை உனக்கு வராது."

"இங்க வாங்க" என்றேன். தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். வாடை வந்தது, அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு நான் மூக்கை மூடவில்லை.

அஸர் தொழுகை நேரமானதும் வாய்க்காலிலேயே முகம், கை, கால் கழுவி ஒளூச் செய்து, அவர் துண்டை விரித்தோம். "இருங்க, தண்ணி துண்டுப் பக்கம் ஏறிடும்" என்று ஓடிவந்த அந்த அம்மாள், சேற்றை அள்ளி மடையை அடைத்துவிட்டுப் போனார். நெற்றியைத் தரையில் வைத்தேன். குமட்டவில்லை. கையேந்தியபோது கேட்க ஒன்றுமே தோன்றவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு அமைதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

அன்று மாலை சந்துக்குள் ஜட்கா திரும்பியதுமே சாக்கடை நாற்றம் முகத்தில் அறைந்தது. இறங்குவதற்குள் தின்றதில் பாதி வெளியே வந்துவிட்டது. மீதி தங்கியது. அதன்பின் ஏழாம் மாதம் வரை வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம். பெண் குழந்தை பிறந்தது, நல்ல கனத்தோடு. அந்தச் சந்தில் இன்னும் பல வருஷம் குடியிருந்தேன். ஒருநாளும் அந்த வாடை எனக்குப் பழகவில்லை.